எல்லையில் ஒரு பலவெஞ்சனக் கடை

களியக்காவிளையில் பஸ்ஸை விட்டு இறங்கி வடக்கே நடந்தால், கேரளம் வந்துவிட்டது என்று சொல்ல அறிவிப்புப் பலகை வேண்டாம். முதல் லாட்டரித் தட்டியே சொல்லிவிடும். தமிழ்நாட்டில் 2003இல் லாட்டரிக்குத் தடை வந்தது. கேரள அரசோ 1967இல் தானே லாட்டரித் துறையைத் தொடங்கி, ஒரு ரூபாய்ச் சீட்டுக்கு 50,000 ரூபாய் முதல் பரிசு என்று ஆரம்பித்தது. இன்றைக்கும் தினமும் குலுக்கல் நடக்கிறது. அதனால் காலையில் இந்தப் பக்கத்து ஆட்கள் சிலர் அந்தப் பக்கம் நடந்துபோய், ஒரு சாயாவும் ஒரு சீட்டும் வாங்கிக்கொண்டு, மறுபடி இந்தப் பக்கம் வந்து வேலைக்குப் போகிறார்கள். சட்டைப் பையில் இருப்பது ஐம்பதடி தூரத்தில் சட்டபூர்வம், இங்கே இல்லை. யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை.

நெய்யாற்றின்கரை வழியாகப் போகிற யாத்திரிகர்களுக்குப் பார்க்க நிறைய உண்டு. மார்த்தாண்டவர்மா ஒளிந்திருந்ததாகச் சொல்லும் அம்மச்சிப் பிலாவு, அவர் கட்டிய கிருஷ்ணன் கோயில், நாராயண குரு 1888இல் சிவனைப் பிரதிஷ்டை செய்த அருவிப்புறம், செங்கல் என்ற ஊரில் புதிதாக எழும்பிய நூறடிக்கு மேற்பட்ட சிவலிங்கம். இவற்றைப் பற்றி எழுத ஆள் இருக்கிறது. நான் போனது கடைகளைப் பார்க்க. இஞ்சிவிளை, பாறசாலை, உதியன்குளங்கரை என்று ரோட்டோரமாகவும், ரோட்டை விட்டு உள்ளே ரப்பரும் தென்னையும் வாழையும் நிற்கிற விளைகளிலும், முன்பக்கம் பலவெஞ்சனம் என்கிற மளிகை, பக்கவாட்டில் ஓலையோ தகரமோ போட்ட இறைச்சித் தட்டு என்று ஒரே குடும்பம் நடத்துகிற சின்னக் கடைகள் உண்டு. இந்தக் கடைகளுக்கு வரலாறு இருக்கிறதா என்று கேட்டால் கடைக்காரர்களே சிரிப்பார்கள். எனக்கென்னவோ, திருவிதாங்கூரில் சாதாரண சனம் எப்படிப் பிழைத்தது என்று தெரிந்துகொள்ள அரண்மனையைவிட இவைதான் தோதான இடம் என்று படுகிறது.

முதலில் கோடு. 1956 நவம்பர் 1இல் மொழிவாரி மாநிலம் வந்தபோது தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு என்ற நான்கு தாலுகாக்களும் செங்கோட்டையின் ஒரு பகுதியும் சென்னை மாநிலத்துக்கு வந்தன. திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸும் மார்ஷல் நேசமணியும் கேட்ட பட்டியலில் நெய்யாற்றின்கரையும் இருந்தது; தேவிகுளமும் பீர்மேடும் இருந்தன. அவை கிடைக்கவில்லை. 1954 ஆகஸ்டு 11இல் மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் துப்பாக்கிச்சூட்டில் ஆட்கள் செத்தார்கள். அதற்குப் பிறகு வந்த மாநில மறுசீரமைப்புக் கமிஷனின் அறிக்கை தாலுகா எல்லையைத்தான் மாநில எல்லையாகப் பரிந்துரைத்தது. விளவங்கோட்டுக்கும் நெய்யாற்றின்கரைக்கும் நடுவில் ஆறும் இல்லை, மலையும் இல்லை. ஒருவர் தோட்டத்துக்கும் இன்னொருவர் தோட்டத்துக்கும் நடுவில் உள்ள கையாலைதான் பல இடத்தில் இரண்டு மாநிலங்களைப் பிரிக்கிறது. வீடு ஒன்றில், கிணறு மற்றொன்றில் என்று இருக்கிறவர்களை இங்கே யாரும் அதிசயமாகப் பார்ப்பதில்லை.

பாறசாலையில் ரோட்டிலிருந்து உள்ளே போகும் ஒரு வழியில் நான் உட்கார்ந்திருந்த கடை அப்படிப்பட்ட ஒன்று. கடைக்காரரின் பெயரையும் விளையின் பெயரையும் எழுத வேண்டாம் என்றார், எழுதவில்லை. மூன்றாம் தலைமுறை. "எங்க அப்பாக்க அப்பா களியக்காவிளை சந்தையில சுமடு எடுத்தவராக்கும் சாரே. அங்கேருந்து ஒரு சாக்கு உப்பும் ஒரு பொதி பாக்கும் கொண்டுவந்து இந்த மாவடியில வச்சாரு. அதாக்கும் கடை," என்றார். மாமரம் இப்போது இல்லை. கான்கிரீட் போட்டிருக்கிறது. பலகை மலையாளத்தில், வாசலில் நின்று பேசுகிற பேச்சில் எது தமிழ், எது மலையாளம் என்று பிரிக்க முயன்றால் தலைவலிதான் மிச்சம்.

கடையின் உள்ளமைப்பு எந்தத் தமிழ் ஊர்க் கடைக்கும் பொதுவானதுதான். கல்லாவுக்குப் பக்கத்தில் வத்தல், மல்லி, உள்ளி. மேலே தொங்குகிற ஏத்தன் குலை. சம்பா அரிசி இரண்டு ரகம், பச்சரிசி ஒரு ரகம். அரையிருட்டில் கருப்பட்டிப் பானை. வாசல் ஓரத்தில் மண் ஒட்டிய மரச்சீனிக் கிழங்கு குவியல், அதற்குப் பக்கத்திலேயே தேங்காய். கிழங்கு வாங்குகிறவர் தேங்காயைப் பார்க்காமல் போக முடியாது. தேங்காய் வாங்கினவர் வத்தலை மறக்க முடியாது. கடை வைப்பதில் இது பெரிய கலை, எந்த மேலாண்மைப் பள்ளியிலும் படிக்காமல் வந்தது.

மரச்சீனிக்கு, அதாவது மரவள்ளிக்கு, இங்கே தனி மரியாதை உண்டு. 1880 முதல் 1885 வரை ஆண்ட விசாகம் திருநாள் மகாராஜா இதைத் திருவிதாங்கூரில் பரப்பினார் என்பது பாடப்புத்தகத்தில் வருகிற செய்தி. அதன் உண்மையான மதிப்பு தெரிந்தது 1942இல். திருவிதாங்கூர் பர்மா அரிசியை நம்பியிருந்த நாடு. தென்னையும் மிளகும் விளைந்த மண்ணில் நெல் போதாது. ஜப்பான் பர்மாவைப் பிடித்ததும் அரிசிக் கப்பல் நின்றது. பஞ்சம் வந்தது. கிழங்கை வெட்டி, காயவைத்து, வாட்டி, அவித்து, இடித்துப் புட்டாக்கி என்று சனங்கள் உயிரைப் பிடித்து வைத்திருந்தார்கள். அந்தக் காலத்தைச் சொல்லும்போது கடைக்காரர் தன் தாத்தா சொன்னதாகச் சொன்ன ஒரு வரி: "கடையில அரிசி இல்லாத்த காலத்திலயும் கடை தொறந்திருந்து." விற்க என்ன இருந்தது என்று கேட்டேன். உப்பும் வத்தலும் தீப்பெட்டியும். உப்பும் வத்தலும் இல்லாமல் கிழங்கு தொண்டையில் இறங்காது.

1956இல் நாஞ்சில் நாட்டு வயல்கள் சென்னை மாநிலத்துக்குப் போனதும் கேரளத்தின் அரிசிக் கவலை இன்னும் கூடியது. தோவாளையும் அகஸ்தீஸ்வரமும்தான் திருவிதாங்கூரின் நெற்களஞ்சியம். முதலில் மத்திய அரசு தென்மாநிலங்கள் நான்கையும் ஒரே அரிசி மண்டலமாக வைத்திருந்ததால் பெரிய சிக்கல் இல்லை. 1964இல் அந்த மண்டலம் உடைந்து, ஒவ்வொரு மாநிலமும் தனித்தனி மண்டலமானது. அன்று முதல் களியக்காவிளையில் ஒரு மூட்டை நெல் வடக்கே போவது குற்றம். கேரளம் முழுக்க ரேஷன் முறை வந்தது அதையொட்டித்தான். இடுப்பில் கட்டிய அரிசி, குழந்தையோடு சேர்த்துத் துணியில் பொதிந்த அரிசி, சோற்றுச் சட்டியின் அடியில் அரிசி என்று அந்தக் காலத்துக் கதைகளுக்கு இங்கே பஞ்சமில்லை. எல்லைப்புறத்தில் வயதான பெண்கள் யாரிடமாவது கேளுங்கள், சிரித்துக்கொண்டே சொல்வார்கள். பிடித்த போலீஸ்காரர் பெயரும் நினைவிருக்கும்.

இன்றைக்கு அதே பாதையில் வேறு அரிசி. தமிழ்நாட்டில் 2011 ஜூன் முதல் ரேஷன் அரிசி இலவசம். கேரளத்தில் அரிசிக்கு எப்போதும் ஆள் உண்டு. இலவச அரிசி ஏற்றிய வண்டி பிடிபட்டது என்ற செய்தி குமரி மாவட்டப் பத்திரிகைப் பக்கத்தில் வராத மாதமில்லை. தமிழ்நாட்டு அரசு ஏழைக்கென்று கொடுக்கிற அரிசியில் ஒரு பங்கு அரவை ஆலைக்குப் போய், மெருகேறி, சாக்கு மாறி விற்பனைக்குப் போகிறது. நான் உட்கார்ந்திருந்த கடைக்காரர் இதைப் பற்றி வாய் திறக்கவில்லை. திறக்கவும் மாட்டார். நானும் வற்புறுத்தவில்லை.

தண்ணீர் மட்டும் இந்தப் பக்கம் வருவது நின்றுபோயிற்று. நெய்யாறு இடதுகரைக் கால்வாயில் விளவங்கோட்டு வயல்களுக்கு வந்துகொண்டிருந்த தண்ணீரை 2004இல் கேரளம் நிறுத்தியது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. தண்ணீர் நின்ற பிறகும் சரக்கு ஒருநாளும் நிற்கவில்லை.

மதியத்துக்கு மேல் கூட்டம் குறைந்தபோது கடைக்காரர் பரணில் இருந்து ஒரு தகரப் பெட்டியை இறக்கினார். உள்ளே பற்று நோட்டுகள். நீளவாக்கில் மடித்துத் தைத்தவை, ஓரம் பூச்சி அரித்தவை. பழைய நோட்டில் தாத்தாவின் கையெழுத்து தமிழில். நடுவில் ஓரிடத்தில் திடீரென்று எழுத்து மாறுகிறது. அப்பா மலையாளத்தில் எழுத ஆரம்பித்திருக்கிறார். பள்ளிக்கூடம் மாறியதால் எழுத்து மாறியது, அவ்வளவுதான். கணக்கு அதே கணக்கு. ஆட்களின் பெயர் குறைவு. வீட்டுப் பெயர்தான் அதிகம். கிணற்றடி வீடு, தெற்கு விளை, ரோட்டடி, பள்ளிக்கூடத்து சார். பெயர்களுக்கு எதிரே உப்பு, மண்ணெண்ணெய், கருப்பட்டி, வெற்றிலை, பாக்கு. சில வரிகளுக்குக் குறுக்கே கோடு. கோடு இல்லாத வரிகள் ஏராளம்.

"கோடு இல்லாததெல்லாம்?"

"வரல்ல சாரே. இனி எங்கேருந்து வரும்? ஆளே போயாச்சு."

அந்தத் தாத்தா கடை வைத்த காலத்தில் ஒரு சிறுகடைக்காரருக்கு என்னென்ன கணக்கு தெரிந்திருக்க வேண்டும் என்று நினைத்தால் மலைப்பாக இருக்கிறது. திருவிதாங்கூருக்குத் தனி நாணயம். 16 காசு ஒரு சக்கரம், 4 சக்கரம் ஒரு பணம், 7 பணம் ஒரு திருவிதாங்கூர் ரூபாய். பிரிட்டிஷ் ரூபாய் வந்தால் அதற்கு 28 சக்கரமும் அரைச் சக்கரமும். அளவுக்கு நாழி, 4 நாழி ஒரு இடங்கழி, 10 இடங்கழி ஒரு பறை. நாஞ்சில் நாட்டிலிருந்து நெல் வந்தால் அங்கே கோட்டைக் கணக்கு. நிறுக்கிறதற்குப் பலம், இறைச்சிக்கு ராத்தல். பிறகு சமஸ்தானம் இந்தியாவோடு சேர்ந்து சக்கரம் போயிற்று. 1957 ஏப்ரலில் நயா பைசா வந்து அணாவைத் துரத்தியது. 1962க்குள் கிலோவும் லிட்டரும் கட்டாயமாயின. பத்துப் பதினைந்து வருடத்துக்குள் காசு, அளவு, நிறை, அரசாங்கம் எல்லாம் மாறியிருக்கிறது. நாழிக்கும் கிலோவுக்கும் நடுவில் ஏமாறாமலும் ஏமாற்றினான் என்ற பேர் வாங்காமலும் ஒரு கடைக்காரர் தாக்குப்பிடித்தார் என்றால் அதற்கே ஒரு பட்டயம் கொடுக்கலாம்.

இனி இறைச்சி. பலவெஞ்சனத்தோடு இறைச்சியை ஏன் சேர்த்து நடத்துகிறார்கள் என்பது எனக்கு முதலில் புரியவில்லை. மசாலா வாங்க வருகிறவர் இறைச்சியும் வாங்குவார் என்பது வெளிப்படையான காரணம். உள்காரணத்தைக் கடைக்காரர் சொன்னார்: இறைச்சிக்குக் கடன் கிடையாது. பலவெஞ்சனத்துக்குக் கடன் உண்டு. ஞாயிற்றுக்கிழமை இறைச்சித் தட்டில் விழுகிற ரொக்கம்தான் திங்கட்கிழமை சந்தைக்குப் போக முதல். வாரம் முழுக்க எழுதிக்கொடுக்கிற பற்றைத் தாங்குவது அந்த ஒரு காலை நேரத்து விற்பனை. ரப்பர் வெட்டுகிறவருக்கு வாரக்கூலி, மழைக்காலத்தில் அதுவும் இல்லை. கடற்கரைப் பக்கத்து ஆட்களுக்கு மீன்பாடு வந்தால் காசு, வராவிட்டால் இல்லை. இவர்களுக்குக் கடன் கொடுத்துவிட்டுக் கடை மூழ்காமல் இருக்க வேண்டுமென்றால் ஒரு பக்கம் ரொக்கம் ஓட வேண்டும். மாடும் ஆடும் கோழியும் அந்த ரொக்கம்.

ஞாயிற்றுக்கிழமை விடியுமுன்னே தட்டு திறந்துவிடுகிறது. புளியமரத்து முட்டி, பல வருடக் கத்தியால் நடு குழிந்தது. வெட்டுகிறவர் கடைக்காரரின் தம்பி. "எல்லோட வேணுமா, இல்லாமலா?" என்று கேட்பார், பதில் வருமுன்னே கத்தி இறங்கிவிடும், யார் வீட்டில் என்ன வாங்குவார்கள் என்று அவருக்குத் தெரியும். ஈரல் கேட்பவருக்கு ஒரு துண்டு தனியே எடுத்து வைத்திருக்கிறார். கட்டிக் கொடுக்கத் தேக்கிலை. தமிழ்நாட்டில் 2019 ஜனவரியிலும் கேரளத்தில் 2020 ஜனவரியிலும் பிளாஸ்டிக் பைகளுக்குத் தடை வந்தது. பை ஒழிந்துவிடவில்லை, ஆனால் தேக்கிலைக்கு மறுபடியும் மவுசு வந்திருக்கிறது. இலையில் பொதிந்து வாழைநாரால் ஒரு கட்டு. இலைக்கு வெளியே ரத்தம் கசிந்து விரலில் ஒட்டும். வீட்டுக்குப் போனால் தேங்காயை வறுத்தரைத்து ஒரு கறி, பக்கத்தில் மரச்சீனி மயக்கு. இந்த ஊர்களில் ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வீடு திரும்புகிற சனத்தின் நடை கொஞ்சம் வேகமாக இருப்பதற்கு இதுதான் காரணம் என்று ஒரு நண்பர் சொல்வார்.

இறைச்சிக்குப் பின்னாலும் இரண்டு அரசுகள் உண்டு. கேரளத்தில் வெட்டப்படும் மாட்டிலும் கோழியிலும் பெரும்பங்கு தமிழ்நாட்டு வழியாக வருகிறது. ஜிஎஸ்டிக்கு முன்பு கேரளத்தில் கோழிக்கு 14.5 சதவீத வரி. தமிழ்நாட்டுப் பண்ணைக் கோழி செக்போஸ்ட் வழியாகப் போனால் வரி. விளைகளுக்கு நடுவே போகிற ஊடுவழியில் போனால் லாபம். இத்தனை ஊடுவழிகள் இருக்கிற எல்லையில் கோழி எந்த வழியில் போயிருக்கும் என்று விளக்க வேண்டியதில்லை. கோழிக் கடத்தல் என்று ஒரு தொழிலே இருந்தது. 2017 ஜூலை 1இல் ஜிஎஸ்டி வந்து உயிர்க்கோழிக்கு வரி பூஜ்யமானது. அமரவிளையில் லாரிகள் வரிசை கட்டி நின்ற வணிகவரி சோதனை ஒரு இரவில் முடிவுக்கு வந்தது. வரி போனால் விலை குறைய வேண்டும் என்று அன்றைய கேரள நிதியமைச்சர் தாமஸ் ஐசக் கிலோ 87 ரூபாய்க்குத்தான் விற்க வேண்டும் என்றார். வியாபாரிகள் கட்டுப்படியாகாது என்று கடையடைத்தார்கள். அந்தச் சண்டையின்போது எல்லை தாண்டித் தமிழ்நாட்டுப் பக்கம் வந்து கோழி வாங்கிப்போனவர்கள் உண்டு என்று சிரித்தார் தம்பி. கடத்தல் அன்றோடு செத்துப்போயிற்று. வரி இல்லாவிட்டால் கடத்துகிறவனுக்கு என்ன வேலை?

அதே வருடம் மே 23இல் மத்திய அரசு கால்நடைச் சந்தைகளில் வெட்டுக்கு மாடு விற்கக் கூடாது என்று விதி கொண்டுவந்தது. சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை அதற்கு இடைக்காலத் தடை போட்டது மே 30இல். அந்த ஒரு வாரத்தில் கேரளத்தில் தெருவெங்கும் மாட்டிறைச்சி விருந்து நடத்திப் போராடினார்கள். டெல்லிப் பத்திரிகைகள் அதைப் பற்றித்தான் எழுதின. கட்சிக்காரர் விருந்து நடத்திவிட்டுப் போய்விடுவார், சின்னக் கடைக்காரருக்கு மாடு வருமா வராதா என்பதுதான் கேள்வி. மாடு வராத ஞாயிற்றுக்கிழமை என்றால் பற்று நோட்டுக்கு முட்டுக் கொடுக்க ரொக்கம் இல்லாத வாரம்.

இந்த வணிகத்தின் அசிங்கமான முகத்தையும் சொல்லிவிட வேண்டும். கோழி வடக்கே போகிறது, கோழிக் கழிவு தெற்கே வருகிறது. கேரளத்திலிருந்து இறைச்சிக் கழிவை ராவோடு ராவாகக் கொண்டுவந்து குமரி மாவட்டத்து ரோட்டோரத்திலும் குளத்தங்கரையிலும் தட்டிவிட்டுப் போகும் வண்டிகளைப் போலீஸும் ஊர்க்காரர்களும் பிடித்துக்கொண்டேயிருக்கிறார்கள். சின்னக் கடை கொஞ்சமாக வெட்டுகிறது, கழிவை அந்தந்த விளையிலேயே குழிதோண்டிப் புதைத்துவிடுகிறது. பெரிய வெட்டுக்குக் குழி போதாது. பக்கத்து மாநிலம் குழியாகிறது. இரண்டு அரசுகளும் சேர்ந்து ஒரு பதப்படுத்தும் ஆலை வைத்தால் தீர்ந்துபோகும் காரியம்.

நெய்யாற்றின்கரைக்கும் அதைத் தாண்டிப் பாலராமபுரத்துக்கும் போனபோது என் மனசில் வேறொரு கேள்வி வந்தது. இந்தக் கடைகளைப் பற்றிப் பேசும்போதெல்லாம் ஒரு இனிமை வந்து ஒட்டிக்கொள்கிறது. பெயர் சொல்லி அழைக்கிற கடைக்காரர், எழுதிக்கொடுக்கிற பற்று, குழந்தைக்கு ஒரு மிட்டாய். ஆனால் இந்தக் கடையின் படிவரை வர யாருக்கு உரிமை இருந்தது?

பாறசாலை லண்டன் மிஷனின் முக்கியமான தலங்களில் ஒன்று. ஜான் அப்ஸ் இங்கே நெடுங்காலம் ஊழியம் செய்து, திருவிதாங்கூரில் கழித்த இருபத்திரண்டு ஆண்டுகளைப் பற்றி நூல் எழுதினார். சாமுவேல் மேட்டீர் 1871லும் 1883லும் வெளியிட்ட நூல்களில் புலையரும் பறையரும் சந்தையில் எப்படிச் சாமான் வாங்கினார்கள் என்று வருகிறது. பொதுவழியில் நடக்க முடியாது. கடையை நெருங்க முடியாது. காசைத் தூரத்தில் வைத்துவிட்டு, சத்தம் போட்டுச் சொல்லிவிட்டு, விலகி நிற்க வேண்டும். கடைக்காரர் காசை எடுத்துக்கொண்டு சாமானை அங்கே வைத்துவிட்டுப் போன பிறகு வந்து எடுக்க வேண்டும். நிறை சரியா, சாமான் நல்லதா என்று பார்க்கிற உரிமை அவர்களுக்கு இல்லை. விற்க வந்தாலும் அதே கதைதான். நாடார் பெண்கள் மேலாடை போட்டுக்கொண்டு சந்தைக்கு வந்தபோது அதைக் கிழித்தெறிந்த கலவரங்கள் கல்குளம், விளவங்கோடு, நெய்யாற்றின்கரை என்று பரவின; 1859 ஜூலை 26இல் உத்திரம் திருநாள் மகாராஜா பிரகடனம் போட்ட பிறகுதான் கொஞ்சம் அடங்கியது. சந்தை எப்போதும் சண்டை நடக்கிற இடம், காரணம் அங்கேதான் எல்லாச் சாதியும் ஒரே கண்ணில் படுகிறது.

பாலராமபுரத்தில் கைத்தறி நெய்கிற சாலியர் குடும்பங்கள் இன்றும் வீட்டில் தமிழ் பேசுகின்றன. அந்தச் சாலியத் தெருவில்தான் 1898இல் அய்யன்காளியின் ஆட்களுக்கும் மேல்சாதியாருக்கும் அடிதடி நடந்தது. பக்கத்து வெங்ஙானூரில் 1863இல் பிறந்த அய்யன்காளி 1893இல் தலைப்பாகை கட்டி, மணி கட்டிய வில்வண்டியில் பொதுச்சாலையில் ஓட்டிப்போனவர். 1912இல் நெடுமங்காடு சந்தைக்குள் தன் சனங்களோடு நுழைந்தார். அங்கேயும் அடிதடி. சந்தைக்குள் போய், கையால் தொட்டுப் பார்த்து, விலை பேசி, நிறுத்து வாங்குகிற உரிமைக்காக ரத்தம் சிந்த வேண்டியிருந்தது. மறு வருடமில்லை, அதற்குப் பிறகும் 24 வருடம் கழித்துத்தான் 1936இல் கோயில் கதவு திறந்தது. எனக்கு அந்த வரிசை முக்கியமாகப் படுகிறது. சாமியைப் பார்க்கிற உரிமைக்கு முன்னாலேயே சாமான் வாங்குகிற உரிமை வந்தது.

ஆகவே எல்லைக்கோடு என்று 1956ஐ மட்டும் சொல்வது சரியில்லை. அந்தக் கோடு கையாலை மேல் ஏறி இறங்குகிற கோடு, யாரும் தாண்டலாம். அதற்கு முந்தைய கோடு ஒவ்வொரு கடைவாசலிலும் இருந்தது, தாண்டினவருக்கு அடி விழுந்தது. நான் பார்த்த பற்று நோட்டில் எல்லா விளைகளின் பெயரும் கலந்து கிடப்பதைப் பார்த்தபோது அது சாதாரணமாகத் தோன்றியது. அந்தச் சாதாரணத்தைக் கொண்டுவர எத்தனை பேர் அடிபட்டார்கள் என்று யோசித்தால், கடைக்காரரின் நல்ல குணத்தைவிட அய்யன்காளியின் வில்வண்டிக்குத்தான் முதலில் நன்றி சொல்ல வேண்டும்.

கடைக்காரர்களிலும் பெரிய ஆள் ஒருவர் இந்த மண்ணிலிருந்து போனார். விளவங்கோட்டுப் பக்கம் குன்னத்தூரில் 1745இல் பிறந்த கேசவபிள்ளை, போக்கு மூசா மரைக்காயர் என்ற வியாபாரியிடம் கணக்கு எழுதுகிற பையனாக இருந்தார் என்பார்கள். ஒருநாள் அதிகாலையில் அரண்மனையில் தூங்கிக்கொண்டிருந்த அவர் முகத்தில் ராஜா விழித்துவிட்டு, அபசகுனம் என்று சிறையில் போட, அன்றைக்கே நல்ல செய்தி வந்து விடுதலையும் வேலையும் கிடைத்தது என்று ஒரு கதை. கதையை விட்டுவிடுவோம். கடைப்பையன் திவானானது உண்மை. ராஜா கேசவதாஸ் என்ற பெயரில் ஆலப்புழைத் துறைமுகத்தை வளர்த்தார், திருவனந்தபுரத்தில் சாலைக் கம்போளத்தைத் தொடங்கினார். தமிழ் வியாபாரிகள் பலர் அங்கே தலைமுறை தலைமுறையாக உண்டு. பாறசாலைக் கடைக்காரரும் மொத்தச் சரக்கில் ஒரு பங்கு இன்றும் சாலையிலிருந்துதான் எடுக்கிறார். மீதி களியக்காவிளையிலிருந்து. எங்கே மலிவோ அங்கே.

கடைசியாகப் பனச்சமூட்டுக்குப் போனேன். காரக்கோணம், வெள்ளறடை வழியாக மலையடிவாரத்துக்குப் போகும் ரோட்டில் இருக்கிற எல்லைச் சந்தை. ஒரு கடைக்கு மலையாளப் பலகை, எதிர்க்கடைக்குத் தமிழ்ப் பலகை. ரோட்டைக் கடந்தால் மாநிலம் மாறுகிறது. வாழைக்குலை, கிழங்கு, மீன், கோழி. சாளை நல்லதாக வந்த அன்றைக்கு இறைச்சிக்காரருக்கு வியாபாரம் மந்தம் என்று ஒரு பெண் சொன்னார், மீன் கூடையை மூடிக்கொண்டே. இங்கே சந்தைப் பேச்சில் கேரளம், தமிழ்நாடு என்ற பெயர்களே வருவதில்லை. "அங்க", "இங்க" அவ்வளவுதான்.

திரும்பும்போது மறுபடி பாறசாலைக் கடையில் ஏறினேன். கடைக்காரரின் மகன் கல்லாவில் இருந்தார். பணம் வந்தால் பேசுகிற பெட்டி ஒன்று பக்கத்தில். நெய்யாற்றின்கரையில் குளிர்சாதன வசதியோடு சூப்பர்மார்க்கெட்டுகள் வந்துவிட்டன. தோல் உரித்த கோழி பெட்டியில் கிடைக்கிறது. 1974இல் தொடங்கிய சப்ளைகோவின் மாவேலி ஸ்டோரில் மானிய விலைச் சாமான் கிடைக்கிற நாளில் இங்கே கூட்டம் இருக்காது. ஒரு சின்னப் பையன் வந்து நின்றான். "மாமா, அம்ம அரக் கிலோ சீனி கேட்டு. பின்னெ தருமாம்." மகன் நிறுத்துக் கொடுத்துவிட்டு செல்போனில் எதையோ தட்டினார். பற்று நோட்டு இப்போது அதற்குள் போய்விட்டது. பெட்டி நிறைய இருக்கிற பழைய நோட்டுகளை என்ன செய்யப்போகிறீர்கள் என்று கேட்டேன். "ஆக்கர்க்காரனுக்குக் கொடுக்கணும், எடத்த அடைக்குது," என்றார்.

திருவனந்தபுரத்து ஆவணக் காப்பகத்தில் மதிலகம் ஓலைச் சுருணைகளைக் கட்டுக்கட்டாகப் பாதுகாக்கிறார்கள். கோயிலுக்கு எவ்வளவு நெய் போயிற்று என்று அதில் கண்டுபிடிக்கலாம். பாறசாலையில் ஒரு ரப்பர் வெட்டுகிறவர் வீட்டுக்கு மழைக்காலத்தில் எவ்வளவு உப்பு போயிற்று என்பதை அந்தத் தகரப் பெட்டியைத் தவிர வேறெங்கும் கண்டுபிடிக்க முடியாது. உங்கள் வீட்டிலோ பக்கத்துக் கடையிலோ அப்படியொரு பழைய பற்று நோட்டு கிடந்தால், ஆக்கர்க்காரனிடம் எடை போடுமுன் பக்கத்து நூலகத்துக்காவது கல்லூரி வரலாற்றுத் துறைக்காவது ஒரு வார்த்தை சொல்லுங்கள். செல்போனில் படமெடுத்து வைத்தாலும் போதும்.